பசி அடங்கியது யாரால்?

கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி சோற்றோடு கையை மடக்கிக்கொள்பவரைப் பார்த்து ஊர் இரண்டு விதமாகப் பேசும். அவர் விரதம் என்றால் மரியாதையோடு விலகி நிற்கும். எடை குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்று தெரிந்தால் பேச்சு மாறிவிடும். "வாயைக் கட்டத் தெரியல, வயித்தை வெட்டிக்கிட்டாரு" என்பார்கள். இருவரும் உண்ட அளவு ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குத் தவசிப் பட்டம், மற்றவருக்குக் குறுக்கு வழியில் போனவர் என்ற பெயர். இந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேட்கப் போனால், அடக்கம் மனிதனுக்குள் எங்கே பிறக்கிறது, அதன் பெருமை யாருக்குச் சேரும் என்ற மிகப் பழைய கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் உடலின் பக்கம். 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். அதன் பெயர் கிரெலின். சாப்பாட்டுக்கு முன் ரத்தத்தில் அது ஏறும், பசி எடுக்கும். உண்டபின் இறங்கும். 2002இல் டேவிட் கம்மிங்ஸ் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் ஒரு படி போனது. உணவைக் குறைத்து எடை இழந்தவர்களின் ரத்தத்தில் கிரெலின் முன்பைவிடக் கூடியிருந்தது. அதாவது, ஒருவர் எவ்வளவு நேர்மையாகப் பத்தியம் இருந்து இளைத்தாலும் உடல் அவரை முன்னிலும் அதிகமாகப் பசிக்க வைக்கிறது.

அறுவை சிகிச்சை இந்த இடத்தில்தான் தலையிடுகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது; கிரெலின் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அயோவாவில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிவைத்த பைபாஸ் முறையில் உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டிச் செல்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் உண்டபின் அதிகமாகச் சுரக்கின்றன. வயிறு சிறிதாகிவிட்டது என்பது பாதிக் கதைதான். பசிக்கும் நிறைவுக்கும் இடையே நடக்கும் உரையாடலே மாறிவிடுகிறது.

மன உறுதி இருந்தால் பசியை வென்றுவிடலாம் என்று நம்புபவர்கள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த பட்டினி ஆய்வைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1944 நவம்பரில் தொடங்கிய அந்த ஆய்வை நடத்தியவர் ஏன்சல் கீஸ். அதற்கு முன்வந்த 36 இளைஞர்களும் மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். குவேக்கர், மென்னோனைட், பிரெத்ரன் போன்ற அமைதிவாதத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். நாடே போர் வெறியில் இருந்தபோது ஏச்சுக்கு அஞ்சாமல் நின்றவர்களின் மன உறுதியைப் பற்றிச் சந்தேகம் கிளப்ப முடியாது. போரால் பட்டினி கிடக்கும் மக்களை மீட்கும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகத் தங்கள் உடலைத் தந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போனது. அவர்களுடைய பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆயின. சமையலில் ஒருபோதும் நாட்டமில்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு வயிறு கொள்ளாமல் உண்டும் பசி தீரவில்லை என்றார்கள். கொள்கைக்காக அரசையே எதிர்த்த மனம், பசியின் முன்னால் இப்படி ஆனது.

தமிழில் இதை உணர்ந்து எழுதியவர் சாத்தனார். மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு வந்தது யானைத்தீ. எவ்வளவு உண்டாலும் தணியாத பசி நோய். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் நாவல் கனியை மிதித்துவிட்டதால் விருச்சிக முனிவர் இட்ட சாபம் அது. காவியம் எங்கும் அவளைத் தின்னிப்பண்டாரம் என்று இகழவில்லை. நோயாளி என்றே பார்க்கிறது. அவளுக்கு மணிமேகலை அறிவுரை சொல்லவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி உணவு கொடுத்தாள், யானைத்தீ அணைந்தது. அடங்காப் பசி உடையவருக்குத் தேவைப்படுவது வைத்தியம் என்பது பௌத்தக் காவியம் ஒன்று எப்போதோ எடுத்துவிட்ட முடிவு.

ஆனால் வைத்தியம் முடிந்ததும் கதை முடிந்துவிடுகிறதா? காவியத்தில் முடியலாம். மருத்துவமனையில் முடிவதில்லை.

அரிஸ்டாட்டில் இருவரை வேறுபடுத்திக் காட்டினார். ஒருவருக்குத் தகாத ஆசை எழுகிறது. அதோடு மல்லுக்கட்டி வெல்கிறார். இன்னொருவருக்கு அந்த ஆசையே எழுவதில்லை. அளவோடு இருப்பது அவருக்கு இயல்பாகிவிட்டது. அரிஸ்டாட்டில் இரண்டாமவரையே உயர்ந்தவர் என்றார். அந்த இயல்பு பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தால் உருவாகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் இருப்பவர் விசித்திரமான ஓர் இடத்தில் நிற்கிறார். ஆசையோடு போராடி வென்றவரும் அல்லர், நெடும் பழக்கத்தால் அதைத் தணித்தவரும் அல்லர். பசி தற்காலிகமாக ஒதுங்கியிருக்கிறது, அவ்வளவே.

அது தற்காலிகம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. மொத்தத்தில் பெரிய ஆதாயம்தான். அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதமும் குறைந்திருந்தது. ஆனால் நடுவில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. பசி மெல்ல மீள்கிறது, வயிறு கொஞ்சம் இடம் கொடுக்கிறது, பழைய ருசிகள் கதவைத் தட்டுகின்றன. அதற்குள் பழக்கம் ஊன்றியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை தருவது ஓர் அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன செய்தார் என்பதில்தான் மனிதரின் பங்கு தொடங்குகிறது.

அந்தப் பங்கு சிறிதல்ல. முதல் நாட்களில் தெளிந்த நீராகாரம் மட்டும். பிறகு மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம். அடுத்து மசித்தது, குழைந்தது. திட உணவுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிவிடும். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாகத்தான் உறிஞ்ச வேண்டும். அப்படியே நாளுக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. உண்டு அரை மணி நேரமாவது கழிய வேண்டும். தட்டில் முட்டை, பனீர், பருப்பு, மீன் என்று புரதம் முதலில், சோறு கடைசியில். நாளுக்கு 60 கிராம் புரதம் என்பது குறைந்தபட்ச இலக்கு. சோற்றை மலையாகக் குவித்து, பருப்பை ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு வளர்ந்தவர்களுக்குத் தட்டைத் தலைகீழாகத் திருப்புவது போன்ற மாற்றம் இது. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சடைக்கும், வாந்தி வரும். பைபாஸ் செய்தவர் இனிப்பைத் தாராளமாக உண்டால் வியர்த்து, படபடத்து, படுக்கத் தோன்றும். இதை டம்பிங் என்பார்கள். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. புகைத்தால் புண் வரும் ஆபத்து உண்டு. தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதே புண்ணைக் கொண்டுவரும். அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நடக்கத் தொடங்கிவிட வேண்டும். தசை கரையாமலிருக்கப் பின்னர் எடைப் பயிற்சியும் சேர வேண்டும்.

இதில் ஏமாற்றவும் வழி உண்டு. ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் குறுகிய வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நாள் முழுக்க மிக்சரைக் கொறித்தால் எந்த நேரத்திலும் வயிறு நிறையாது, கலோரி மட்டும் ஏறும். கத்தியால் இதைத் தடுக்க முடியாது. கவனத்தால்தான் முடியும்.

சமண தத்துவம் இந்த இடத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது. வயிறு நிறையுமுன் நிறுத்திக்கொள்வது சமணத்தில் ஆறு புறத்தவங்களுள் ஒன்று. ஊனோதரி என்று அதற்குப் பெயர். வினை உதிர்வதையும் சமணர் இரண்டாகப் பிரிக்கிறார்கள். விரும்பி நோற்றுத் துன்பத்தை ஏற்பதால் உதிர்வது ஒன்று. வேறு வழியின்றிப் பசியும் தாகமும் பொறுத்துக்கொள்வதால் உதிர்வது மற்றொன்று. சிறைப்பட்டவன் பட்டினிக்கும் நோன்பாளியின் பட்டினிக்கும் உள்ள வேறுபாடு அது. வயிறு சுருக்கப்பட்டவர் குறைவாக உண்பது எந்த வகை? வேறு வழியில்லாமல் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் மயக்க மருந்துக்கு முன் கையெழுத்திட்டவர். ஆயுள் முழுக்க மாறிய வாழ்க்கை என்று டாக்டரும் டயட்டீஷியனும் விளக்கியதைக் கேட்டு, கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முன்பே பத்தியம் இருந்து, அதன் பிறகு மேஜையில் படுத்தவர். விருப்பம் முன்கூட்டியே செயல்பட்டுவிட்டது. பின்னர் ஒவ்வொரு கவளத்திலும் மறுபடி செயல்பட வேண்டியிருக்கிறது.

வெளியுதவி பெற்ற அடக்கம் அடக்கமே அல்ல என்பவர்களுக்குப் பாலி மொழிச் சம்யுத்த நிகாயத்தில் விடை இருக்கிறது. கோசல மன்னன் பிரசேனஜித் மரக்கால் கணக்கில் சோறு உண்டுவிட்டு மூச்சு வாங்கியபடி புத்தரிடம் வந்தான். அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், முதுமை மெல்ல வரும் என்ற கருத்தில் புத்தர் ஒரு பாட்டைச் சொன்னார். மன்னன் அதைத் தானே நினைவில் வைத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. அருகில் நின்ற சுதர்சனன் என்ற இளைஞனை அழைத்து, அதை மனப்பாடம் செய்து தான் உண்ணும்போதெல்லாம் சொல்லுமாறு கேட்டான். அதற்கு நாளொன்றுக்கு நூறு காசு கூலியும் வைத்தான். படிப்படியாக ஒரு நாழி அளவுக்கு வந்தான், உடல் இளைத்தது. பாட்டு வேறொருவர் தந்தது, குரல் இன்னொருவருடையது. ஆனாலும் அந்த அடக்கம் மன்னனுடையதல்ல என்று அந்த நூல் சொல்லவில்லை. தன் பலவீனத்தை அறிந்து தனக்கு ஒரு காவலை அமர்த்திக்கொண்டதே அவனுடைய அறிவு.

நோன்பு பற்றிய கேள்வி இதே இடத்தில்தான் கூர்மையாகிறது. அறுவை செய்துகொண்டவர் நிர்ஜல ஏகாதசி இருக்கலாமா? கந்த சஷ்டி ஆறு நாளும் ஒருவேளை உணவோடு கழிக்கலாமா? ரமலானில் விடியலிலிருந்து அந்தி வரை தண்ணீரும் இல்லாமல் இருக்கலாமா? சாதாரணமானவர் மாலையில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து ஈடுகட்டிவிடுவார். இவரால் முடியாது, நீரிழப்பு இவருக்கு மெய்யான ஆபத்து. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் சர்பத்தும் வேகமாக உள்ளே போனால் டம்பிங் வரலாம். புரதமும் மாத்திரையும் அடங்க நேரம் போதாது. ஆகவே முதல் ஓராண்டாவது நோன்பைத் தள்ளிவைக்கவும், பிறகும் மருத்துவரிடம் கேட்டு இருக்கவும் வல்லுநர்கள் சொல்கிறார்கள்.

மதங்கள் இதற்குத் தடை நிற்கவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்கு அளிக்கிறது. பிற்பாடு நோற்கலாம், நோற்கவே இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். கீதையின் ஆறாம் அத்தியாயம் மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று இருபுறமும் எல்லை வகுக்கிறது. தடை வருவது பெரும்பாலும் வீட்டிலிருந்தும் தன் மனத்திலிருந்தும்தான். மற்றவர்கள் நோற்கும்போது தான் மட்டும் குடிப்பதில் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்க இமாமோ குருக்களோ பொதுவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குற்றம் சாட்டும் பழக்கம் வேறு இடங்களிலும் நோயாளியைத் தாக்குகிறது. 2012இல் வென்டி கிங் குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதமாக இருந்த மதுப் பிரச்சினை, அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. சோற்றை விட்டுச் சாராயத்தைப் பிடித்துக்கொண்டார் என்று ஊர் சொல்லும். பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் மிக வேகமாக ஏறுகிறது, பழைய அளவே இரட்டிப்பாகத் தாக்கக்கூடும் என்பது ஊருக்குத் தெரியாது. இதை முன்பே சொல்லி எச்சரிப்பது மருத்துவர் கடமை. எச்சரிக்கையைக் கேட்டு விலகுவது நோயாளி கடமை.

பசியைத் தணித்ததில் பெரும்பங்கு அறுவை மருத்துவருக்கும் ஹார்மோன்களுக்கும் உரியது. அதை ஒப்புக்கொள்வதில் இழிவு இல்லை. பசியில்லாத காலத்தில் மென்று உண்ணவும் நடக்கவும் மாத்திரை போடவும் பழகியதில் பங்கு நோயாளியுடையது. எடை குறைக்கும் ஊசி மருந்துகள் வந்த பிறகு இதே வழக்கு இன்னும் பல வீடுகளில் பேசப்படும். தீர்ப்புச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு கழித்து எட்டுப் பத்துக் கிலோ கூடிவிட்டால், "காசும் போச்சு, கத்தியும் வீண்" என்ற சொல்லுக்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். எடை கூடுவதற்கு இன்று சிகிச்சை உண்டு. சர்க்கரை ஏறியவருக்கு மருந்தை மாற்றுவதுபோல அதையும் கவனிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டு தாங்கும். அதனால் குறைபாடு தாமதமாகத்தான் வெளிப்படும். கால் மரத்துப்போகத் தொடங்கிய பிறகு பார்த்தால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆண்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடக்கூடிய குறை அது. எடை கூடியிருந்தாலும், நோன்பு தவறியிருந்தாலும், மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தாலும் அறுவை செய்துகொண்டவர் அந்தப் பரிசோதனைக்குத் தயங்காமல் போக வேண்டும். வீட்டில் ஒருவர் கூடவே போனால் இன்னும் நல்லது.