பயன்படாத உயிருக்கும் ஹக்கு உண்டா?



நம் இளையரசனேந்தல் கரிசல் பூமி. அலையாத்திக் காட்டை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். முத்துப்பேட்டைக்கோ பிச்சாவரத்துக்கோ போனவர்கள், நீர் வற்றும் நேரத்தில் அங்குள்ள சேற்றில் விரல் நீள மீன்கள் துள்ளித் திரிவதைக் கண்டிருக்கலாம். தவளையைப் போல் தலை உச்சியில் துருத்திய கண்கள். முன்துடுப்பை ஊன்றி நடக்கும். ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றைச் சுவாசிக்கும். தோல் காய்ந்துவிடக் கூடாதென்று அடிக்கடி சேற்றில் புரண்டுகொள்ளும்.

முட்டையிடுவது சேற்றுக்குள் தோண்டிய வளையில். அந்த வளை நீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஜப்பான் கரையில் வாழும் இதன் உறவு மீன் ஒன்றை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஆண் மீன் மேலே வந்து, வாய் நிறையக் காற்றை எடுத்துப் போய் முட்டை அறையில் விடுகிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, முட்டை பக்குவமாகும் வரை. பக்குவமானதும், இரவில் கடல் ஏறும் நேரத்தில், சேர்த்த காற்றை அதே வாயால் வெளியே கொண்டுபோய் விடுகிறது. அறைக்குள் நீர் புகுகிறது, முட்டைகள் பொரிகின்றன. இதைக் கற்றுக் கொடுத்தவன் யார் என்று உங்களிடம் நான் கேட்கத் தேவையில்லை.

என் கேள்வி வேறு. நம் மீன் சந்தையில் யாரும் கேட்டு வாங்காத இந்த மீனுக்கு நம்மீது ஹக்கு உண்டா?

அலையாத்திக் காடு புயலைத் தாங்குகிறது, இறால் குஞ்சுகள் அங்கே வளர்கின்றன, அதனால் காப்போம் என்கிறார்கள். சரியான பேச்சுதான். ஆனால் எனக்கு அது போதவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டின் மரங்களை முறித்துப் போட்டது. விழுந்த மரத்துக்கும் அதனடியில் வாழ்ந்த மீனுக்கும் அன்றோடு ஹக்கு போய்விட்டதா? லாபத்தை வைத்து ஹக்கைப் பேசினால், வயதாகிப் படுத்துவிட்ட வாப்பாவையும் ஒருநாள் அதே தராசில் வைக்கத் தோன்றும்.

ஓர் எறும்பு கடித்ததற்காக முன்சென்ற நபி ஒருவர் எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்னதும், தஸ்பீஹ் செய்யும் ஒரு சமுதாயத்தை அழித்ததற்காக அல்லாஹ் அவரைக் கண்டித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. கவனியுங்கள், எறும்பால் யாருக்கு என்ன பயன் என்ற பேச்சே அங்கு இல்லை.

“மனுஷனுக்கே வழியில்லை, மீனுக்கு என்ன ஹஜ்ரத்?” என்பீர்கள். பசிக்கு மீன் பிடிப்பவரை நான் குறை சொல்லவில்லை. கடனை அடைக்க இறால் குட்டை வெட்டுகிறவரின் நெருக்கடியும் புரிகிறது, அவரிடம் நிதானமாகத்தான் பேச வேண்டும். ஆனால் கல்யாண வீட்டு பிளாஸ்டிக் இலையையும் தண்ணீர் பாட்டிலையும் கண்மாயில் கொட்டும் நமக்கு எந்தப் பசி, எந்தக் கடன்? அந்தக் கரையிலும் நண்டு வளை தோண்டியிருக்கிறது, தவளை முட்டையிட்டிருக்கிறது. அடுத்த நிக்காஹ் நடப்பதற்கு முன், நம் எச்சில் இலை எங்கே போகிறது என்பதை ஜமாஅத் கூட்டத்தில் பேசியாக வேண்டும்.