பெயரில்லாத கப்றுகள்

சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைச் சுற்றுலாவின்போது, கண்டி தெவனி ராஜசிங்க மாவத்தையிலுள்ள யுத்த மயானத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். இரண்டாம் உலக யுத்தத்தில் மரித்த 203 பேர் அங்கே. பிரித்தானியர் 107, கிழக்காபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனேடியர் 6, இத்தாலியர் 3, பிரான்சியர் ஒருவர். இருவர் யாரென்றே தெரியாது.

"இதுல பெரியவர் யாரு சேர்?" என்றான் ஒரு மாணவன்.

யாருமில்லை என்றேன். 1917இல் தோன்றிய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு, பதவி, இனம், மதம் பாராது எல்லாருக்கும் ஒரே மரியாதை என்று விதித்திருந்தது. 1943 செப்டம்பர் வரை எதிரியாயிருந்த இத்தாலியின் மூவரும் அங்கேதான் கிடக்கிறார்கள். "நம்மட மையவாடி மாதிரித்தான்" என்றும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

நான் சொன்னது பாதி உண்மைதான். 2021 ஏப்ரலில் அவ்வாணைக்குழுவே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது: முதலாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களுள் 45,000 முதல் 54,000 வரையானோர், பெரும்பாலும் ஆபிரிக்கரும் ஆசியரும், சமத்துவமின்றி நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 116,000 பேருக்குப் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. கண்டியில் உறங்கும் 35 பேரின் தந்தையர் தலைமுறையில், மூட்டை சுமந்தே செத்த ஆயிரக்கணக்கானோர் இதற்குள் அடக்கம். அவர்களுக்காக நைரோபி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் நகரங்களில் சிலைகள் வைத்தார்கள். பெயர்கள் இல்லை.

இங்கே எனக்கொரு சங்கடம். என் வாப்பாவின் கப்றிலும் பெயரில்லை. இரண்டு மீசான் கற்கள்தான். எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. ரப்பு அறிவான். அப்படியானால் அந்தச் சுமைகாவிகளுக்கு மட்டும் என்ன குறை?

அடையாளம் தெரியாதவரின் கல்லில், இறைவன் இவரை அறிவான் என்ற கருத்துப்பட எழுதுவது அவ்வாணைக்குழுவின் வழக்கம். ஆனால் அதற்குமுன் பெயரைத் தேடியிருப்பார்கள். சுமைகாவிகள் விடயத்தில் தேடவேயில்லை. கல்லின் அருமை சுதேசிக்குப் புரியாது என்று ஆளுநர் ஒருவரே கருதியிருக்கிறார். வாப்பாவின் கப்றுக்குக் கல் போதுமென்று தீர்மானித்தவர்கள் நாங்கள். அவர்களுக்காகத் தீர்மானித்தவரோ தன் இனத்தாரின் பெயர்களைக் கவனமாகச் செதுக்குவித்துக்கொண்டிருந்தவர்.

2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோதும், "செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தம் வீட்டு மையித்தைப் பற்றி அவர்கள் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு நான் இன்னும் போகவில்லை.

அந்த மாணவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். மறுபாதியை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.