பம்புக்கும் ஒரு பங்கு

ரோபோ செய்யும் கம்பனியில் காசு போட்டால் பாவமா மாமா என்று அக்கா மகன் கேட்டான். டுபாயில் வேலை அவனுக்கு. பங்குச் சந்தைக்கு இன்னும் வராத, தனியார் கையிலேயே இருக்கிற ரோபோ கம்பனிகளுக்கென்று சிலர் சேர்ந்து காசு திரட்டுகிறார்களாம். தன் சேமிப்பில் ஒரு பகுதியை அதில் போட யோசிக்கிறான். இலாபம் வருமா என்று கேட்டிருந்தால், பள்ளிக்கூட வாத்தியாருக்கு அது என்ன தெரியும் என்று சொல்லித் தப்பியிருப்பேன். பாவமா என்று கேட்டதுதான் வில்லங்கம். அவன் அம்மா எங்கள் ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்தில் தலை நரைக்கும்வரை கொழுந்து எடுத்தவள்.

இயந்திரத்தோடு எங்கள் சனத்துக்குப் பகை கிடையாது. ஆயுத பூசை அன்று தேயிலை ஸ்டோருக்குள் போனால் ரோலருக்குச் சந்தனம் இருக்கும், அடுப்பு வாசலில் குங்குமம் இருக்கும், கலர் சோர்ட்டருக்கு மாலையே விழுந்திருக்கும். அந்தச் சோர்ட்டரை நின்று பார்த்திருக்கிறேன். காய்ந்த தேயிலை மேலிருந்து மெல்லிய தகடுகள் வழியாகச் சரிந்து விழுகிறது. கமரா பார்க்கிறது. செந்நிறக் குச்சி ஒன்று வந்ததும் பின்னாலிருந்து ஒரு சொட்டுக் காற்று ‘டிக்’கென்று அடித்து அதை வேறு வழிக்குத் தள்ளிவிடுகிறது. கறுப்புத் தூள் ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். முன்பு பெண்கள் வரிசையாகக் குந்தி, கண்ணைச் சுருக்கி, விரலால் பொறுக்கிய வேலை அது. அதற்கும் நாங்கள்தான் பூசணிக்காய் உடைக்கிறோம்.

மலையில் கொழுந்து எடுக்க நாளைக்கு ரோபோ வந்தால்? எங்கள் பக்கத்துச் சரிவுகளில் அது சுலபமாக ஏறாது என்பது வேறு விசயம். ஏறட்டும். குளவி கொட்டிச் செத்தவர்களின் செத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அக்காவுக்குப் பதில் ஒரு இரும்பு குளவிக்கொட்டு வாங்கினால் எனக்கென்ன நட்டம்? இளசுகளும் மலையேற வருவதில்லை. கொழும்புக் கடைகளுக்கும் கார்மெண்டுக்கும் போய்விட்டார்கள். உலகத்துத் தொழிற்சாலைகளில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோபோக்கள் வேலை செய்கின்றன. நாம் வேண்டாம் என்றால் நின்றுவிடுமா?

பாவத்தைத் தேட வேண்டிய இடம் இயந்திரம் இல்லை; பலன் யாருக்குப் போகிறது என்று எழுதும் கணக்குப் புத்தகம்.

கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்பது கீதையின் உபதேசம். எங்கள் கோயில் மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யாருக்குச் சொல்கிறோம்? 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தையும், 2024இல் 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தையும் போராடி வாங்கியவர்களுக்கு. கடமை எதுவும் செய்யாமல் பலனை மட்டும் வாங்குகிறவருக்கு இந்த உபதேசத்தைச் சொன்ன ஒரு பேச்சாளரையும் நான் கேட்டதில்லை. கையில் இல்லாத பலனை எப்படித் துறப்பது? துறக்கிற பலன் ஈசனுக்குப் போகவேண்டும் என்பதுதான் கதை. மூன்றாம் ஆளின் வங்கிக்கு அல்ல. உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பரை உழைப்புக்கு உதாரணம் காட்டுகிறார்கள். அவர் செதுக்கியதில் யாரும் இலாபம் எடுக்கவில்லையே.

பலன் யார் யாருக்குப் போகவேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பதில் கிடக்கிறது. தேயிலை மலையிலிருந்து இறங்கினால் வயலோரம் மாணிக்கக் குழிகள். சுவர் சரியாமல் கம்பு அடித்து, பன்னம் இலை செருகி இறங்குவார்கள். சமன் தெய்வத்துக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் முதல் வெட்டு. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருப்பதால் பம்பு ஓடவேண்டும். கல் கிடைத்து விற்றால் பங்கு பிரிப்பு நடக்கும். நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு, லைசன்காரனுக்கு ஒன்று, சாப்பாடும் செலவும் போட்டவனுக்கு ஒன்று, பம்புக்காரனுக்கு ஒன்று. உள்ளே இறங்கி வெட்டினவனுக்கும் பங்கு. எவ்வளவு என்பது குழிக்குக் குழி மாறும். பங்கே இல்லை என்பது மட்டும் கிடையாது. இயந்திரம் பங்கு வாங்கியதால் வெட்டுகிறவன் பங்கு செத்துப்போகவில்லை. கல் கிடைக்காவிட்டால் எல்லாருக்கும் கை விரிப்புத்தான்.

குழியை நான் தர்மலோகம் என்று சொல்ல வரவில்லை. மண் சரிந்து செத்தவர்கள் உண்டு, கல்லை வாயில் ஒளித்தவர்களும் உண்டு, சேமலாப நிதி என்ற பேச்சே இல்லை. பெக்கோ இயந்திரம் இறங்கினால் வெட்ட ஆள் குறைவு, பங்குக்கு வரும் ஆளும் குறைவு. ஆனாலும் கணக்குப் போடும் முறையில் தோட்டத்தை விடக் குழி நியாயமானது.

மருமகனின் கம்பனிகளுக்கு வருவோம். காசு போடுகிறவனுக்கும் ஆபத்து உண்டு என்கிறான். உண்மைதான். அமெரிக்காவில் 2008இல் தொடங்கி, பேரும் புகழுமாக இருந்த ரீதிங்க் ரோபாட்டிக்ஸ் 2018இல் மூடப்பட்டது. மறுபக்கம், மனித உருவ ரோபோ செய்யும் ஃபிகர் கம்பனி 2024 பெப்ரவரியில் 67.5 கோடி டொலர் திரட்டியது. மைக்ரோசொஃப்ட், என்விடியா, ஜெஃப் பெசோஸ் எல்லாரும் அதில் காசு போட்டார்கள். இப்படியான கம்பனிகளில் பொறியியலாளர்களுக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுப்பது வழக்கம். ஆக, மாணிக்கக் குழியின் நியாயம் அவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. அந்த ரோபோ வந்து யாருடைய வேலையை எடுக்கிறதோ, அவளுக்கு மட்டும் அந்தப் பந்தியில் இலை இல்லை.

அதனால் அவனுக்குச் சொன்னேன்: "போடு தம்பி, பாவம் இல்லை. ஆனா வாற இலாபத்தில ஒரு பங்கு உன்னுடையது இல்லண்டு இப்பவே எழுதி வை. உங்க அம்மாவோட மலையில நின்டவங்க பிள்ளைகளுக்கு அது கணக்குப் பாடம் படிக்கப் போகட்டும். தானம்டு மட்டும் அதுக்குப் பேர் வைக்காத. கோயிலுக்கு மணி வாங்கித் தாறேன்டும் வராத." கோயில் பரிபாலன சபையில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னதற்குச் சபைத் தலைவர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

இன்னொன்று. 1992இல் அரசாங்கத் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், பிறகு அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது, பத்து வீதம் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கொழுந்து எடுக்கிறவளையும் பங்குகாரியாக்கிய காரியம் எங்கள் மலைகளில் நடந்தே இருக்கிறது. பெரிய தொகை இல்லை. அவசரத்துக்கு விற்றவர்கள் உண்டு, என்ன கடுதாசி என்றே தெரியாமல் பிறப்புச் சான்றிதழோடு தகரப் பெட்டியில் போட்டவர்களும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் வீட்டில், செத்துப்போன அம்மா அப்பா பேரில் இருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். பத்திரத்தில் இருக்கும் கம்பனியின் செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். வாரிசுக்கு மாற்றலாம்; கொழும்புப் பங்குச் சந்தையின் மத்திய வைப்புத் திட்டத்தில் கணக்குத் திறந்து பதியலாம். இங்கிலீசில் எழுத ஆள் இல்லையென்றால் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், எழுதித் தருவார்.