வேகமாகப் பொறித்தால் புண்ணியம் குறையுமா?

தேனி மாவட்டம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளின் எழுத்துகள் கையால் வெட்டப்பட்டவை. இன்று கோயில் விளக்கிலும் தாம்பாளத்திலும் உபயதாரர் பெயரை ஃபைபர் லேசர் மளமளவென்று பொறித்துவிடுகிறது. அதையும் விரைவாக்க வழியுண்டு: எழுத்தின் உட்புறத்தை நிரப்பும் கோடுகளின் இடைவெளியைச் சற்றே கூட்டலாம், கதிர் வெறுமனே நகரும் தூரத்தைக் குறைக்கலாம், லென்ஸைத் துடைத்துக் குவியத்தைச் சரிசெய்யலாம். ஆனால் கதிரின் திறனைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் ஏற்றினால், ஒவ்வொரு புள்ளியிலும் இறங்கும் ஆற்றல் குறையும். எழுத்து மேலோடு நிற்கும். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பெயர் மங்கிப்போகும்.

உழைப்பு குறைந்தால் தானத்தின் பலனும் குறையுமா? சாசன மரபு அப்படிப் பார்க்கவில்லை. எழுத்தை வெட்ட எத்தனை நாளானது என்பது அதற்குப் பொருட்டே அல்ல. சந்திர சூரியர் உள்ளவரை தர்மம் நிலைக்க வேண்டும் என்பதே அதன் கவலை. அந்தக் கணக்கில், உபயப் பாத்திரத்துக்குக் கதிரை ஒருமுறை ஓட்டி முடிப்பது போதாது. இரண்டு மூன்று முறை ஓட்டி ஆழப்படுத்துவதே முறை.