காய்ந்தாய், சாகவில்லை!

ஏ.எல். சரிவரவில்லை என்கிறாய். கடை நட்டத்தில் மூடிக்கிடக்கிறது என்கிறாய். "இனி எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறாய்.

எழும்பு! கல்முனை ஒழுங்கை ஒன்றில் இறங்கி நட. பழைய மதிலைப் பார்!

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதம். மதிலில் கறுத்து ஒட்டிக்கிடக்கிறதே, அது அழுக்கா?

பாசி! உயிருள்ள தாவரம்!

அதற்கு ஆழ வேர் இல்லை. நீரைத் தேக்கிவைக்கத் தடித்த தண்டு இல்லை. பூ இல்லை. வித்தும் இல்லை. இல்லாததையே எண்ணிக்கொண்டிருந்தால் அதன் இனம் 40 கோடி ஆண்டு தாண்டி வந்து நிற்குமா?

வெயில் ஏற ஏற உடலின் நீர் வற்றும். இலை உள்ளே சுருளும். வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் கலங்களுக்குள் இருக்கும் சீனியும் காப்புப் புரதங்களும் உள்ளுறுப்புகளைச் சிதையவிடாது. காய்வதற்கும் அது ஆயத்தம்! நீ?

ஒரு மழை விழட்டும். சில நிமிடத்தில் இலை விரியும். பச்சை தெரியும். முழு மாரியும் வரட்டும் என்று அது பார்த்திருக்காது. நீ மட்டும் ஏன் குந்திக்கொண்டிருக்கிறாய்?

இன்னும் கேள்! அதன் ஆண் கலம் நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும். மெல்லிய நீர்ப்படலம் போதும். மதில் ஈரமாயிருக்கும் கொஞ்ச நேரம்தான் அதற்குத் தவணை. அதற்குள் முடிக்கிறது!

பிறகு சிறு காம்பு எழும். நுனியில் ஓர் உறை. உள்ளே தூளாய் வித்திகள். பெரும்பாலான பாசிகளில் உறை எப்போது வாய் திறக்கும் தெரியுமா? காற்று காயும்போது! தன்னை வாட்டிய காற்றிலேயே பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறது!

பன்னச் செடியையும் பார். வித்திப் பை காயக் காய இழுபட்டு, கவண் போல வித்திகளை வீசும்.

உன்னை வாட்டிய கஷ்டத்தை நீ எதற்குப் பயன்படுத்தினாய்?

நொறுங்கிவிட்டேன் என்கிறாயா? பாசியும் நொறுங்கும். அந்தத் துண்டு ஈரம் கண்ட இடத்தில் புதுப் பாசியாய் முளைக்கும்!

2004 டிசம்பர் 26ஐப் பற்றி வாப்பாவிடம் கேள். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் வீடுகளைத் தின்றது. பிழைத்தவர்கள் உப்பேறிய கிணற்றை இறைத்தார்கள். மறுபடி தறியில் குந்தினார்கள். அதே கடலில் வலை போட்டார்கள். நீ அவர்கள் பிள்ளை!

பயமா? பயத்தோடேயே தொடங்கு. தோற்றால் திரும்பத் தொடங்கு.

இஷாவுக்குப் பிறகு புத்தகத்தைத் திற. சுபஹு தொழுதுவிட்டுக் கடைக் கதவைத் திற. யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறாய்?