நாணயத்தின் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசைக் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் குடியிருப்பது சிந்திக்கத்தக்கது.

மதுரையிலும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் உரோமானியரின் சிறு வெண்கலக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை. ஒரு புறம் பேரரசனின் தலை. மறுபுறம் வெற்றித் தெய்வம் போன்ற உருவங்கள். உரோமப் பேரரசர் தெய்வங்களோடு தம்மை இணைத்துக்கொள்வதில் பெருவிருப்புடையோர். முதற் பேரரசன் அகஸ்டஸ், தன்னைத் தெய்வ மைந்தன் என்றே காசுகளில் பொறித்தான்!

பொற்காசின் நிலை வேறு. புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்து, 1898இல் அறிஞர் உலகிற்குத் தெரியவந்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகம் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டியதன் நோக்கம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எதுவாயினும், முகம் சிதைந்தபின்னும் பொன் பொன்னாகவே இருந்தது. வெண்கலக் காசுக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் உலோகம் அற்ப விலையுடையது; முத்திரை தரும் வாக்குறுதியே அதன் உயிர். ஆயினும், உரோமப் படையின் காவல் எட்டாத தமிழ்ச் சந்தையில் அது சில்லறையாகக் கைமாறியது; கைபட்டுத் தேய்ந்தது. வாங்கியோரை எந்த மன்னனும் வற்புறுத்தவில்லை. வேண்டாமென மறுக்கும் உரிமை அவர்களுக்கிருந்தது. மறுக்க இயலும் நிலையில் ஒருவன் ஏற்பதன்றோ நம்பிக்கை?

படைவலியால் மட்டுமே நின்ற பணத்தை மலாயா கண்டதுண்டு. 1942 முதல் 1945 வரை சப்பானியர் வெளியிட்ட தாள்களை, பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால், மக்கள் வாழைமரக் காசு என்றனர். காலம் செல்லச் செல்ல வரிசை எண்கூட இல்லாமல் அவை அச்சாகிக் குவிந்தன. பேராக் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரும் அத்தாள்களையே கூலியாகவும் விலையாகவும் வாங்க வேண்டியிருந்தது. 1945இல் சப்பான் வீழ்ந்ததும் அவை செல்லாதவையாயின. ஏமாந்தனர் என அம்மக்களைப் பேசுவோர் உண்டு. அது நேர்மையான பேச்சன்று. மறுக்க வழியற்றவன் நம்பினான் என்பதும் தவறு. அவன் ஏமாந்தான் என்பதும் தவறு. அவனிடமிருந்து உழைப்புப் பறிக்கப்பட்டது. பறித்தவர் கையில் ஒரு முத்திரை இருந்தது, அவ்வளவே.

இன்று பழம்பொருள் சேகரிப்போர் அத்தாள்களை நல்ல காசு கொடுத்து வாங்குகின்றனர். வியர்வை சிந்தி அவற்றை ஈட்டியவருள் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை.