குறுமரமும் வளர்ப்பின் அறமும்

வானளாவ வளரும் இயல்புடைய ஒரு மரத்தை, இரு கைகளில் ஏந்தத்தக்க ஒரு தட்டத்துக்குள் அடக்கி வைத்துப் பார்த்து மகிழ்வது முறையாகுமா? உயிருள்ள ஒன்றின் இயல்பை நம் விருப்பத்துக்கேற்ப வளைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? போன்சாய் எனப்படும் குறுமரக் கலையைக் காணும்போது சிந்தனையுடையோர் உள்ளத்தில் இவ்வினா எழாதிருப்பதில்லை. இது மரத்தைப் பற்றிய வினா மட்டுமன்று. பிள்ளைகளை வளர்ப்போரும் மாணவரைப் பயிற்றுவோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவுமாகும்.

'போன்' என்பது தட்டம். 'சாய்' என்பது நடுதல். தட்டத்தில் நடப்பட்டது என்பதே இந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். ஆயினும் இக்கலையின் தாயகம் சீனமே. கி.பி. 706-இல் அமைந்த சீன இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், சிறு செடிகள் அமைந்த தட்டத்தை ஏந்தி நிற்கும் பணியாளரின் ஓவியம் காணப்படுகின்றது. பின்னர் ஜப்பானியர் இக்கலையைத் தமதாக்கி வளர்த்தனர். 1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின், தோக்கியோ நகரத்துத் தோட்டக் கலைஞர்கள் 1925-இல் ஓமியாவில் குடியேறிக் குறுமரங்களுக்கென்றே ஒரு சிற்றூரை அமைத்தனர்.

இக்கலையின் மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் வலிமை மிக்க ஒன்று அதன் தாயகத்திலேயே பிறந்தது. கோங் ட்சிஜென் என்னும் சீன அறிஞர் 1839-இல் நோயுற்ற பிளம் மரங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கற்றோர் கோணலையே அழகெனப் போற்றியதால், விற்போர் நேரான கிளைகளை வெட்டியும் வளர்ச்சியைத் தடுத்தும் மரங்களை முடமாக்கினர் என்று அவர் சாடினார். 300 தொட்டிகளை வாங்கியதாகவும், அவற்றுள் நலமான மரம் ஒன்றேனும் இல்லாமை கண்டு மூன்று நாள் அழுததாகவும், தொட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மண்ணில் நட்டு, ஐந்தாண்டுக்குள் அவற்றைக் குணப்படுத்த உறுதி பூண்டதாகவும் கூறினார். மரத்தைச் சொல்லி அவர் மனிதரையே குறித்தார். நாட்டின் திறமைகள் யாவும் ஒரே அச்சில் வளைக்கப்பட்டு வாடியதே அவருடைய துயரம்.

இக்குற்றச்சாட்டை எடைபோடுமுன் உண்மை நிலையை அறிதல் வேண்டும். உணவும் நீரும் தராமல் வாட்டியே மரத்தைக் குறுக்குகின்றனர் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. குறுமரத்துக்கு உரம் வேண்டும்; வெயிலும் காற்றும் வேண்டும்; கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். இளமரமாயின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டத்திலிருந்து எடுத்து, அடர்ந்த வேர்களைக் களைந்து, புது மண்ணிட்டு நட வேண்டும். கிளைக்கு வடிவம் தரச் செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றப்படும். அது பட்டையைக் கிழித்து உட்புகுமுன் அகற்றப்பட வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் மரத்தின் உள்ளியல்பு மாறுவதில்லை. இலைகள் சிறுக்கலாம், பூவும் கனியும் பெரும்பாலும் தம் அளவிலேயே தோன்றும். அதன் விதையை நிலத்திலிட்டால் முழு மரமே எழும். குறுமை வித்தில் இல்லை. பேணுவோன் கையில்தான் இருக்கின்றது.

ஆகவே, வடிவம் தருவது ஒன்று. நோய் தருவது வேறொன்று. கோங் கண்ட மரங்கள் நோயுற்றிருந்தன என்பதே அங்கே நிகழ்ந்த அநீதி. ஆயினும் நலமாக வளரும் குறுமரத்தின் வகையிலும் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. காட்டு மரம் தன் வேரை நீட்டித் தனக்குரிய நீரைத் தானே தேடிக்கொள்ளும். அந்த வேரை நாம் வெட்டிவிட்டோம். இனி அது நம் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டும். ஓர் உயிரின் தற்காப்பை எவன் பறிக்கின்றானோ அவன் அவ்வுயிருக்குக் கடன்பட்டவனாகின்றான். அழகுப் பொருளாக வாங்கி வந்து, வெயில் படாத மேசையில் வைத்துச் சில வாரங்களில் அதை உலர விடுவோர் இக்கடனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இக்கடன் ஒருவருடைய ஆயுளோடு முடிவதுமன்று. 1625 முதல் பேணப்பட்டு வரும் ஒரு வெண்பைன் மரம் ஹிரோஷிமாவின் யமாக்கி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு வீழ்ந்தபோது, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு சுவரின் மறைவில் நின்ற அம்மரம் பிழைத்தது. 1976-இல், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டி ஜப்பான் அளித்த அன்பளிப்பில் அதுவும் ஒன்றாகி வாஷிங்டன் சென்றது. குண்டு வீசிய நாட்டின் மண்ணில் அம்மரத்துக்கு அன்றாடம் நீர் வார்க்கப்பட்டு வந்தது. அதன் வரலாறோ, 2001-இல் அக்குடும்பத்தின் பேரர்கள் சென்று கூறும் வரை அங்கே அறியப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் இத்தகைய பொருளை அமானிதம் என்றே நாம் அழைப்போம்.

இன்னும் ஓர் எல்லையுண்டு. ஜப்பானியரின் பழைய நோ நாடகமொன்றில், வறியவனான ஒரு வீரன், பனியில் நடுங்கி வந்த துறவியின் குளிர் போக்கத் தன் அருமையான தொட்டி மரங்கள் மூன்றையும் வெட்டி எரிக்கின்றான். அவன் மரங்களை நேசிக்காதவனல்லன். செல்வமெல்லாம் போன பின்னும் அவற்றை விடாது காத்தவன். எனினும் மனிதனின் தேவை முன்வந்தபோது, அழகு தன் இடத்தை விட்டுக்கொடுத்தது.

மரத்துக்கு முன் மனிதன் என்றால், மரத்துக்குச் செய்வதை மனிதனுக்குச் செய்யலாகாது என்பதும் உடன் விளங்கும். மாணவரை 'உருவாக்குகிறோம்' என்று நாம் பெருமையாகப் பேசுகின்றோம். அரபியில் வளர்ப்பைக் குறிக்கும் 'தர்பிய்யத்' என்ற சொல்லுக்கும், பெருகுதல், மிகுதல் என்பதே வேர்ப்பொருள். தமிழில் 'வளர்ப்பு' என்பதும் 'வளர்' என்னும் அடியிற் பிறந்ததே. இரு மொழிகளும் ஒன்றையே கூறுகின்றன: வளரச் செய்யாதது வளர்ப்பாகாது. கம்பி கட்டுதல் கல்வியிலும் வேண்டியதே. ஒழுங்கின்றிக் கற்றல் இல்லை. ஆனால் குறித்த காலத்தில் அவிழ்க்கப்படாத கம்பி கிளையில் வடுவாகின்றது. மேலும், குறுமரம் என்றும் நம் தட்டத்திலேயே இருக்கும். மாணவனோ நம்மை விட்டுச் செல்வதற்கென்றே நம்மிடம் வருகின்றான். தன் நீரைத் தானே தேடும் வேர் அவனுக்கு வேண்டும். அதை வெட்டிவிட்டு அவன் நமக்கு அடங்கி நிற்பதை அழகென்று கொண்டாடுவோமாயின், கோங் அழுத அழுகைக்கு நாமே காரணமாவோம்.

குறுமரக் கலைஞனிடம் நாம் கற்க வேண்டியது கத்தரியின் திறத்தையன்று. தான் வெட்டிய வேருக்காக நாள் தவறாது நீர் சுமக்கும் அவனுடைய பொறுப்புணர்வையே.